பேகலைக் கவிழ்த்துப் பாருங்கள்

மதுரையிலிருந்து வந்திருந்த என் மாமியார், நியூயார்க்கின் குயின்ஸில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு பேகல்களை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் தெருவின் இந்த முனையில் ஒரு பேகல் கடை, அந்த முனையில் இன்னொன்று. இரண்டிலும் விலை ஒன்றுதான், 1.75 டாலர். எது நல்ல கடை என்பதில் எட்டு வருடமாக எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. ஆனால் காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. அத்தை ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கனம் பார்த்தார். விரலால் அழுத்தினார். அப்புறம் இரண்டையும் கவிழ்த்து வைத்தார்.

"மாப்பிள்ளை, இது ஆவியில வெந்திருக்கு. தட்டு ஓட்டையெல்லாம் அடியில பதிஞ்சிருக்கு பாருங்க. அந்த இன்னொண்ணு தண்ணியில வெந்தது."

முப்பது வருடம் வீட்டு வாசலில் இட்லிக் கடை நடத்தியவர். பேகலை அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறார். எனக்கு எட்டு வருடத்தில் பிடிபடாதது அவருக்கு அரை நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது. இட்லியைக் கவிழ்த்து அடியில் பதிந்த துணியின் வரியைப் பார்ப்பது அவருடைய பழக்கம். துணியில் வார்த்ததா, எண்ணெய் தடவிய தட்டில் வார்த்ததா, தண்ணீர் சொட்டியதா, எல்லாம் அடிப்பக்கத்தில் எழுதியிருக்கும் என்பார். பேகலுக்கும் அதே கணக்குதான். ஒரு பேகல் எப்படி உருவாகிறது என்பதை நம் சமையலறையை வைத்தே புரிந்துகொண்டால், தெருமுனைக் கடையில் நாம் கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கிறது என்று நம்மால் சொல்லிவிட முடியும்.

பேகல் என்பது நடுவில் ஓட்டையுள்ள, வளைய வடிவ ரொட்டி. போலந்து யூதர்களின் உணவு. கிராகோவ் நகர யூத சமூகத்தின் 1610ஆம் ஆண்டு விதிகளில் அதன் பெயர் வருகிறது. கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், கொஞ்சம் மால்ட் என்று ஐந்தே பொருள்கள். ஐந்து பொருள்தான் என்றால் ஒளித்து வைக்க இடமில்லை. இட்லிக்கு அரிசி, உளுந்து, உப்பு, தண்ணீர் என்று நான்குதான். அதிலும் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு எத்தனை வித்தியாசம்! பொருளைவிடக் கைப்பக்குவமும் நேரமும்தான் அங்கே பேசுகின்றன.

மாவிலிருந்து தொடங்குவோம். சப்பாத்திக்குத் தளரப் பிசைகிறோம், பூரிக்கு இறுக்கிப் பிசைகிறோம். பூரி மாவு தளர்ந்தால் எண்ணெய் குடித்துவிடும். பேகல் மாவு பூரி மாவின் சாதி. சாதாரண ரொட்டிக்கு 100 கிராம் மாவுக்குத் தண்ணீர் 65 கிராமையும் தாண்டிப் போகும். பேகலுக்கு 50 முதல் 58 கிராம்வரைதான். கொதிக்கிற தண்ணீருக்குள் போய், உருக்குலையாமல் வெளியே வர வேண்டிய மாவு அது. மாவும் சாதாரண மாவு இல்லை. புரதம் 13, 14 சதவீதம் உள்ள கோதுமை மாவு. பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது கிழியாமல் இழுபடுகிறதே, அந்த இழுவையைத் தருவது குளூட்டன் என்ற புரத வலை. புரதம் கூடக்கூட வலை அடர்த்தியாகும். பரோட்டாவில் அந்த வலையை எண்ணெய் விட்டுத் தளர்த்தி விசிறி ஆக்குகிறோம். பேகலில் எண்ணெய் கிடையாது. வலையை இறுக்கமாகவே விட்டுவிடுகிறார்கள்.

இதைக் கடையில் எப்படிச் சோதிப்பது? பேகலைப் பிய்த்துப் பாருங்கள். நல்ல பேகல் உடனே பிரியாது. கொஞ்சம் இழுத்து, நார் நாராகத் திமிறிவிட்டுத்தான் வரும். மெல்லும்போது தாடைக்கு வேலை இருக்கும். பன் மாதிரிப் பொதுக்கென்று பிரிந்தால் மாவு மலிவானது, அல்லது தண்ணீர் அதிகம், அல்லது இரண்டும்.

அடுத்தது ராத்திரி. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். பகலில் உருட்டி வளையமாக்கிய மாவைப் பலகைகளிலோ தட்டுகளிலோ அடுக்கி, ஏறக்குறைய 4 டிகிரி குளிர் உள்ள அறையில் ஒரு ராத்திரி முழுக்க வைக்கிறார்கள். நியூயார்க் வந்த முதல் குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்காமல் தவித்த எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இதன் இயக்கம் தெரியும். குளிரில் ஈஸ்ட் சோம்பிவிடும், காற்று மெதுவாகத்தான் சேரும். ஆனால் மாவுக்குள் மற்ற வேலைகள் நடந்துகொண்டே இருக்கும். மாச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக உடையும், லேசான புளிப்பும் மணமும் ஏறும். ஈஸ்ட்டை அள்ளிப் போட்டு இரண்டு மணி நேரத்தில் பொங்க வைத்த மாவில் அந்த மணம் வராது. ஆப்ப சோடா போட்டு அவசரமாகச் சுட்ட ஆப்பத்துக்கும் ராத்திரி முழுக்கப் புளித்த ஆப்பத்துக்கும் உள்ள தூரம் நமக்குத் தெரிந்ததுதானே.

ராத்திரி குளிரில் கிடந்த மாவு தன் மேல் ஓர் அடையாளத்தைப் போட்டுக்கொள்ளும். சுட்ட பிறகு தோலில் கடுகளவு, மிளகளவு கொப்புளங்கள் தெரியும். நல்ல ஆப்பத்தின் ஓரத்தில் பார்க்கிறோமே, அதுபோல. கவுன்ட்டருக்குப் பின்னால் கூடையில் கிடக்கும் பேகல்களில் கொப்புளம் தெரிந்தால், அந்தக் கடைக்காரர் ஒரு ராத்திரியைச் செலவழித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். நியூயார்க்கில் குளிர் அறை வைக்க இடம் வேண்டும், இடத்துக்கு வாடகை வேண்டும். நாளைக்கு விற்கிற சரக்கு இன்றைக்கே இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதையும் செய்துதான் அவர் 1.75 டாலருக்கு விற்கிறார்.

இனி கொப்பரை. பேகலைப் பேகலாக்குவது இதுதான். காலையில் குளிர் அறையிலிருந்து வரும் வளையங்கள், மால்ட் கரைத்த கொதிநீரில் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம்வரை மிதந்துவிட்டு வருகின்றன. மால்ட் என்றால் முளைகட்டிய பார்லியின் இனிப்புச் சாறு. கேழ்வரகை முளைகட்டினால் மாவு இனிக்கிறதே, அதே காரணம்தான். தண்ணீர் வடிகட்டிய தேநீர் நிறத்தில் இருக்கும். அந்த இனிப்பு தோலில் ஒட்டி, ஓவனில் நன்றாகச் சிவக்க உதவும்.

அந்த அரை நிமிடத்தில் தோலுக்கு என்ன ஆகிறது? கொழுக்கட்டைக்கு மேல்மாவு கிளறியிருந்தால் நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெள்ளையாக, உதிரியாக இருந்த அரிசி மாவு கொதிநீர் பட்டதும் கண்ணாடி மாதிரி மினுங்கி, இழுபட ஆரம்பிக்கும். மாச்சத்துத் துகள்கள் 60 டிகிரி தாண்டியதும் தண்ணீரைக் குடித்து வீங்கி, பசையாகிவிடுகின்றன. பேகலில் இது மேல் தோலில் மட்டும் நடக்கிறது. உள்ளே மாவு இன்னும் பச்சை. வெளியே மட்டும் ஒரு கஞ்சிப் போர்வை. பருத்திப் புடவைக்குக் கஞ்சி போட்டுக் காயவைத்தால் விறைத்து நிற்கிறதல்லவா, அதேபோல் இந்தப் போர்வை ஓவன் சூட்டில் காய்ந்து விறைக்கும்.

விறைத்த தோல் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, பளபளப்பும் கடிக்கும்போது வரும் முறுகலும். இரண்டாவது வேலை கண்ணுக்குத் தெரியாது. சாதாரண ரொட்டி ஓவனுக்குள் போனதும் உள்ளே இருக்கும் காற்று சூடாகி, ரொட்டி பொம்மென்று உப்பும். பேகலால் அப்படி உப்ப முடியாது. தோல் முன்பே இறுகிவிட்டது, சட்டை சிறியது. அதனால் உள்ளே அடர்த்தியாக, மென்று தின்னும்படியாக இருக்கிறது. கூடுதல் நேரம் கொதித்தால் தோல் தடிக்கும், உள்ளே இன்னும் நெருக்கமாகும். கொப்பரைக்கு முன்னால் நிற்பவரின் கணக்கு அது.

அந்த ஆளுக்கு நியூயார்க்கில் ஒரு பெயரே உண்டு, கெட்டில்மேன். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் இந்த நகரத்தின் பேகல் கடைகளில் நான்கு பேர் ஒரு குழு. இரண்டு பேர் மாவு உருட்டுவார்கள், ஒருவர் கொப்பரையில், ஒருவர் அடுப்பில். அவர்களுக்கென்று தனிச் சங்கம், லோக்கல் 338. முந்நூறு பேர் அளவிலான சங்கம். கூட்டங்கள் யூதர்களின் இத்திஷ் மொழியில் நடந்தன. வெளியாள் சேர முடியாது, உறுப்பினரின் மகனாகவோ நெருங்கிய உறவினராகவோ இருக்க வேண்டும். 1951 டிசம்பரில் அவர்கள் வேலையை நிறுத்தியபோது நகரத்தின் 34 பேகல் ரொட்டிச்சாலைகளில் 32 மூடிக்கிடந்தன. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பேகல் இல்லாமல் நகரம் திண்டாடியது. கைகளின் மதிப்பு அன்றைக்கு அத்தனை பேருக்கும் தெரிந்தது.

கெட்டில்மேன் பச்சை வளையம் ஒன்றை முதலில் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார். மிதந்தால் மாவு தயார். மூழ்கிக் கிடந்தால் இன்னும் நேரம் வேண்டும். நெல்லிலிருந்து பதரைப் பிரிக்கத் தண்ணீரில் போடுவதன் மறுபக்கம் இது. இங்கே மிதப்பதுதான் நல்லது.

கொதித்து வந்தவை ஈரச் சாக்குத் துணி சுற்றிய நீளப் பலகைகளில் தலைகீழாக அடுக்கப்பட்டு அடுப்புக்குள் போகும். சூடு 230 டிகிரியிலிருந்து 260வரை. சில நிமிடங்களில் அடிப்பக்கம் காய்ந்ததும் பலகையைப் புரட்டுவார்கள். பேகல்கள் சூடான கல்மேல் நேராக விழும். இட்லித் துணியைக் கவிழ்த்துத் தண்ணீர் தெளித்து இட்லியைப் பிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சாக்குத் துணியின் ஈரம் எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை. ஒட்டக்கூடாது, கருகக்கூடாது. கல்லில் விழுந்த பேகலின் அடிப்பக்கம் வழுவழுப்பாக, ஒரே சீராகச் சிவந்திருக்கும்.

அத்தை கவிழ்த்துப் பார்த்தபோது அவர் கண்ணில் பட்டது இதுதான். ஒன்றின் அடி வழுவழுப்பு. இன்னொன்றின் அடியில் சல்லடைத் தட்டின் புள்ளிகள் வரிசையாகப் பதிந்திருந்தன. அந்தக் கடையில் கொப்பரை கிடையாது. தட்டு தட்டாக அடுக்கிய வண்டியை அப்படியே பெரிய ஓவனுக்குள் தள்ளி, ஆவியைப் பீய்ச்சி, அதே ஓவனில் சுட்டும் விடுகிறார்கள். ஆவி தோலை நனைக்கும், கொஞ்சம் கஞ்சிப் போர்வையும் உண்டாகும், ஆனால் மெல்லியது. சட்டை தளர்வானதால் மாவு நன்றாக உப்பிக்கொள்ளும். பெரியதாக, மெத்தென்று, லேசாக வரும். கொப்பரைக்கு ஆள் வேண்டாம், பலகையைப் புரட்ட ஆள் வேண்டாம். முட்டையும் சீஸும் வைத்துக் கடிப்பதற்கு இந்த மெத்தென்ற வகையே வசதி என்பவர்கள் உண்டு, அவர்கள் ருசியில் குற்றமில்லை. ஆனால் நான் அதைப் பேகல் வடிவத்தில் இருக்கும் பன் என்றுதான் கருதுகிறேன். அதே விலைக்கு விற்கும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். அடியில் புள்ளி இருந்தாலே ஆவியில் வெந்தது என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. கொப்பரையில் கொதிக்க வைத்துவிட்டுப் பிறகு சல்லடைத் தட்டில் சுடுகிற கடைகளும் இருக்கின்றன. புள்ளியைப் பார்த்ததும் தோலையும் பாருங்கள். விரல் நகத்தால் தட்டினால் டொக்கென்று கேட்கும் தோல், பளபளப்பு, கொப்புளம், இவையெல்லாம் இருந்தால் கொப்பரை இருக்கிறது. மங்கிய தோல், அழுத்தினால் பஞ்சுபோல் அமுங்கித் திரும்பி வருவது, இவை ஆவியின் வேலை.

ஓட்டையையும் ஒரு தடவை பாருங்கள். மெதுவடைக்கு நடுவில் ஓட்டை போடுவது உள்ளே சமமாக வேகத்தான். பேகலுக்கும் அதே நியாயம். கோலிலோ கயிற்றிலோ கோத்துத் தெருவில் விற்கவும் அது வசதியாக இருந்தது. கையால் உருட்டிய பேகலில் கயிறுபோல் திரித்த மாவின் இரு முனைகளும் சேர்ந்த இடம் லேசாகத் தடித்திருக்கும், ஓட்டை ஒருபக்கம் ஒதுங்கியிருக்கும். வட்டம் காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் இருந்தால் இயந்திரம் உருட்டியது. டேனியல் தாம்ப்சன் உருவாக்கிய பேகல் இயந்திரத்தை 1963இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் இருந்த லெண்டர்ஸ் ரொட்டிச்சாலை வாடகைக்கு எடுத்தது. அங்கிருந்து உறைய வைத்த பேகல்கள் அமெரிக்கா முழுவதும் போயின, சங்கத்தின் பிடி தளர்ந்தது. இயந்திரத்துக்குக் கொஞ்சம் தளர்ந்த மாவுதான் ஒத்துவரும் என்பதுதான் சிக்கல். ஆனாலும் ராத்திரியையும் கொப்பரையையும் விடாத கடை இயந்திரத்தில் உருட்டியிருந்தாலும் நான் வாங்குவேன். கை உருட்டல் எனக்கு மூன்றாவது இடம்தான்.

நியூயார்க் தண்ணீரால்தான் பேகலுக்கு இந்த ருசி என்று கடைக்குக் கடை சொல்வார்கள். கேட்ஸ்கில் மலைப்பக்கத்திலிருந்து வரும் தண்ணீர் மென்மையானது என்பது உண்மை. ஆனால் அதே தண்ணீர்தான் எங்கள் தெருவின் இரண்டு முனைகளிலும் வருகிறது. ருசி ஒரு முனையில்தான் இருக்கிறது. மாண்ட்ரியலில் வேறு தண்ணீர், வேறு முறை. தேன் கலந்த நீரில் கொதிக்க வைத்து, விறகடுப்பில் சுடுகிறார்கள். சின்னதாக, இனிப்பாக இருக்கும். அதுவும் நல்ல பேகல்தான்.

அடுத்து நேரம். இதில்தான் நல்ல கடைகள்கூடத் தவறிவிடுகின்றன. பேகலில் எண்ணெயோ நெய்யோ இல்லாததால் அது சீக்கிரம் விறைத்துப்போகும். ஃபிரிட்ஜில் வைத்த சோறு மறுநாள் உதிரி உதிரியாக, கடக்கென்று இருக்கிறதே, அதே வினைதான். வெந்து தளர்ந்த மாச்சத்து ஆறும்போது மறுபடி ஒழுங்காக அடுக்கிக்கொள்கிறது. ஃபிரிட்ஜின் குளிரில் அந்த அடுக்கல் இன்னும் வேகமாக நடக்கும். அதனால் பேகலை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. அன்றே தின்ன வேண்டும், இல்லையென்றால் ஃபிரீசரில் போட வேண்டும்.

கடைக்குள் நுழைந்ததும் "எள் பேகல் வேண்டும்" என்று கேட்காதீர்கள். "இப்போது எது சூடாக வந்தது?" என்று கேளுங்கள். டிபன் கடையில் "என்ன சூடா இருக்கு?" என்று கேட்கும் பழைய வழக்கம்தான். நல்ல கடையில் ஆள் யோசிக்காமல் பதில் சொல்வார், ஏனென்றால் உள்ளே அடுப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. சூடாக வந்ததை டோஸ்ட் செய்யாமல் கேளுங்கள். கேட்காமலேயே டோஸ்டரில் போடும் கடையில் எனக்குச் சந்தேகம் வரும். காலையில் சுட்டது மதியம் விறைத்துவிட்டால் டோஸ்டர் அதை மறைத்துவிடும். நேற்றைய இட்லி உப்புமாவாக வரும்போது அது நேற்றையது என்று எப்படிச் சொல்ல? மதியம் இரண்டு மணிக்குக் கூடைகள் காலியாகிக் கிடந்தால் அந்தக் கடையைக் குறை சொல்லாதீர்கள். அது கணக்காகச் சுடுகிறது.

முதலில் வெறும் பேகலைத்தான் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். மேலே எள், கசகசா, பூண்டு, வெங்காயம் எல்லாம் ஒட்டியதில் மாவின் ருசி தெரியாது. க்ரீம் சீஸைக் குவித்ததில் சுத்தமாகத் தெரியாது. 1870களில் நியூயார்க் மாநிலத்தின் செஸ்டர் ஊரில் பிறந்த அந்த க்ரீம் சீஸ் பேகலுக்கு நல்ல ஜோடிதான். ஆனால் சாம்பார் நன்றாக இருக்கிறது என்பதற்காக இட்லிக்கு மதிப்பெண் போட முடியாது.

காசுக்கு வருவோம். எங்கள் தெருவில் வெறும் பேகல் 1.75. க்ரீம் சீஸ் தடவினால் 4.75. ஆக, ஒரு கரண்டி சீஸுக்கும் கத்தி வேலைக்கும் 3 டாலர். அதே கடையில் அரை பவுண்டு சீஸ் டப்பா 5.50. அது தாராளமாக மூன்று பேகலுக்கு வரும். தடவி வாங்கினால் மூன்றுக்கு 9 டாலர் ஆகியிருக்கும். வரியும் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் முழுப் பேகலை வாங்கிக்கொண்டு வெளியே போனால் விற்பனை வரி இல்லை. கடைக்காரர் கத்தியால் குறுக்கே வெட்டிக் கொடுத்தால் அது தயாரித்த உணவு ஆகிவிடும், நகரத்தில் 8.875 சதவீதம் வரி ஏறும். ஒரு டஜன் வாங்கினால் பெரும்பாலான கடைகளில் பதின்மூன்று போடுவார்கள். 21 டாலரைப் பதின்மூன்றால் வகுத்தால் ஒன்று ஏறக்குறைய 1.62.

அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்தக் காலத்துப் பேகல் 60 முதல் 85 கிராம். இன்றைக்கு 110க்குக் குறைவாகப் பார்ப்பது அரிது. ஆவியில் உப்பியது கைக்குப் பெரிதாகத் தெரியும், தராசில் லேசாக இருக்கும். அத்தை கையில் கனம் பார்த்தது அதற்காகத்தான். சமையலறைத் தராசில் வைத்தேன். பெரியதாகத் தெரிந்த ஆவிப் பேகல் 108 கிராம், சின்னதாகத் தெரிந்த கொப்பரைப் பேகல் 121. இரண்டுக்கும் நான் கொடுத்தது ஒரே 1.75. ஒன்றில் ஒரு ராத்திரியின் வாடகையும், கொப்பரைக்கு முன்னால் வியர்த்து நின்றவரின் கூலியும், கூடுதலாக 13 கிராம் மாவும் சேர்ந்திருக்கின்றன.

அதற்குப் பிறகு அத்தை ஊருக்குப் போகும்வரை கொப்பரைக் கடைக்குத்தான் போனோம். ஒருநாள் ஆறு பேகல் வாங்கியதில் இரண்டு மிஞ்சி, மறுநாள் சாயங்காலம் கல்போல் கிடந்தன. நான் டோஸ்டர் பக்கம் போனேன். அவர் வேண்டாமென்று தடுத்து, பேகல்களைக் குழாய்த் தண்ணீரில் ஒருமுறை நனைத்து எடுத்தார். தோசைக்கல்லைக் காயவைத்து, பேகல்களை அதில் வைத்து, மேலே பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்து மூடினார். ஐந்து நிமிடம் சிறு தீ. பிறகு மூடியை எடுத்து, இரண்டு பக்கமும் ஒரு நிமிடம் திருப்பிப் போட்டார். அடுக்கிக்கொண்ட மாச்சத்து, சூடும் ஈரமும் பட்டு மறுபடி தளர்ந்திருந்தது. தோல் காய்ந்து விறைத்திருந்தது. பிய்த்தபோது உள்ளேயிருந்து ஆவி வந்தது. அவர் ஒரு துண்டை மிளகாய்ப் பொடியில் தோய்த்து என்னிடம் நீட்டினார்.